தேய்பிறைக்கும் ஒரு கிரீடம்

போன வருடம் வைகாசி மாதம், லண்டன் ஹரோவில் நடந்தது இது. என் கணவரின் தங்கை மகள் பெரியபிள்ளையாகி, சாமத்திய வீடு என்கிற பூப்புநீராட்டு விழாவுக்கு மண்டபம் பிடித்து, வீடியோக்காரர் வரைக்கும் சொல்லியாயிற்று. பிள்ளையின் தாய், என் மச்சாள், தினமும் போன் எடுப்பாள். மாலை என்ன நிறம், பலகாரம் யாரிடம் சொல்வது என்று எல்லாவற்றையும் என்னிடம்தான் கேட்பாள், ஒன்றைத் தவிர. பிள்ளையின் தலையில் பாலும் அறுகும் வைத்து முதல் தண்ணீர் வார்ப்பது தாய்மாமனின் மனைவிக்குள்ள உரிமை. அந்த மாமி நான்தான். ஆனால் என் கணவர் இறந்து சில வருடங்களாகிவிட்டன. தண்ணீர் வார்க்கிற பேச்சு கிட்ட வந்தாலே இருவரும் வேறு கதைக்குத் தாவிவிடுவோம்.

அந்தப் பிள்ளை பாதி என் வீட்டில் வளர்ந்தவள். மச்சாள் ஷிப்டுக்குப் போனால் அவளுக்குச் சாப்பாடும் தூக்கமும் என்னிடம்தான். எனக்குப் பெண்பிள்ளை இல்லை. அவளுக்கு என் கையால் தண்ணீர் வார்க்க எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று சொல்லத் தெரியாது. ஆனாலும் கேட்க வாய் வரவில்லை. கேட்டு, ‘சனம் கதைக்கும்’ என்று ஒரு சொல் வந்துவிட்டால் தாங்கமாட்டேன் என்ற பயம்.

என் பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருக்கிறாள். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவள், தனியாள். அவள் கதவில் நடுவில் ஒரு முழுநிலாவும் இரு பக்கமும் ஒவ்வொரு பிறையுமாக ஒரு சின்னம் தொங்கும். பௌர்ணமி வந்தால் தோட்டத்தில் மெழுகுதிரி கொளுத்தி ஏதோ முணுமுணுப்பாள். அவள் குடிவந்த புதிதில் சூனியக்காரி என்றே முடிவுகட்டி, என் வாசலில் தேசிக்காயும் மிளகாயும் கோர்த்துக் கட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, எவ்வளவு அழகாக இருக்கிறது, எனக்கும் ஒன்று செய்து தருவாயா என்று கேட்டாள். சூனியக்காரி கேட்கிற கேள்வியா அது! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்று தொடங்கியது எங்கள் சிநேகிதம்.

அந்த வைகாசியில் ஒரு நாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, எனக்கு அறுபது வயதாகிறது, கிழவியாவதற்கு ஒரு சின்னச் சடங்கு வைத்திருக்கிறேன் என்றாள். நாங்கள் மாதா மாதம் டை அடித்து மறைக்கிற சங்கதிக்கு இவள் ஆட்களைக் கூப்பிட்டு விழா எடுக்கிறாளே என்று நினைத்தேன். அதோடு விட்டாளா? இலைக் கிரீடம் ஒன்றைத் தன் தலையில் நான்தான் வைக்க வேண்டும் என்றாள்.

அவள் கும்பிடுகிற அம்மனுக்கு மூன்று முகமாம். கன்னி, தாய், கிழவி, மூவரும் ஒருத்தியே. வளர்பிறை கன்னி, முழுநிலா தாய், தேய்பிறை கிழவி. இழப்பும் சாவும் தெரிந்தவள் கிழவி என்பதால் அறிவும் அவளிடம்தான் இருக்கிறதாம். நல்ல காரியத்துக்கு நாள் பார்க்கும்போது நாங்கள் தள்ளி வைக்கிற பிறையை இவர்கள் அம்மனாக வைத்திருக்கிறார்கள்.

நான் விதவை, எங்கள் வழக்கப்படி மங்கள காரியத்தில் முன்னுக்கு நிற்கக் கூடாது, உன் நல்ல நாளைக் கெடுக்கமாட்டேன் என்றேன். அவளுக்கு அது விளங்கவேயில்லை. திரும்பவும் சொன்னேன். “அதனால்தானே உன்னைக் கேட்கிறேன்” என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏன் வந்தது என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இது எத்தனை ஆயிரம் வருடத்துப் பழக்கம் என்று வெடுக்கென்று கேட்டேன். மூன்று மூன்றாக வருகிற தெய்வங்கள் பழங்காலத்தில் பல இடங்களில் இருந்தது உண்மை, ஆனால் கன்னி, தாய், கிழவி என்று இப்படிக் கோர்த்து நிலாவோடு சேர்த்துப் பரப்பியது போன நூற்றாண்டில்தான், ஒரு கவிஞருக்கு அதில் பெரிய பங்கு, என் அம்மாவுக்கே இது தெரியாது என்று கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னாள். அப்படியென்றால் இது இட்டுக்கட்டியதுதானே என்றேன். “ஆமாம், எங்களுக்குத் தேவைப்பட்டது” என்றாள். வயதான பெண்ணை யாரும் திரும்பிப் பார்க்காத ஊரில் திரும்பிப் பார்க்கிற ஒரு தெய்வம் வேண்டியிருந்ததாம். சரி, வருகிறேன் என்றேன்.

ஞாயிறு பின்னேரம் போனேன். கைத்தடியோடு சிலர், கைக்குழந்தையோடு ஒருத்தி, எல்லோரும் பெண்கள். அவள் புல்லில் முழங்காலிட்டாள். கிரீடத்தை அவள் தலையில் வைத்தேன். பிறகு, நீ இழந்தவரின் பெயரைச் சத்தமாகச் சொல் என்றார்கள். திவசத்தன்று ஐயர் கேட்டால் சொல்வதைத் தவிர, என் கணவரின் பெயரை நான் வாய்விட்டுச் சொல்லி எவ்வளவோ காலம். சொன்னேன். அத்தனை பேரும் தங்கள் நாக்கில் புரட்டிப் புரட்டி அதைத் திருப்பிச் சொன்னார்கள். உச்சரிப்பு படுமோசம். நான் விம்மி விம்மி அழுதேன்.

வீட்டுக்கு வந்தும் மனம் அடங்கவில்லை. இவர்களுடையதை யாரோ சிலர் உட்கார்ந்து கோர்த்தார்கள் என்றால், என்னைப் பின்வரிசைக்கு அனுப்பிய வழக்கத்தையும் என்றைக்கோ யாரோ சிலர்தானே கோர்த்திருப்பார்கள்? காலில் கிடந்த சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மச்சாளுக்குப் போன் எடுத்தேன்.

“பிள்ளைக்குத் தண்ணி நான்தான் வார்ப்பன்” என்றேன்.

மறுபக்கம் அழுகை கேட்டது. “அண்ணி, நான் கேக்க வேணும் எண்டுதான் நிண்டனான். அண்ணையை நினைச்சு நீங்கள் உடைஞ்சு போவியள் எண்டு பயந்திட்டன்” என்றாள். இத்தனை நாளும் நான் அவளுக்குப் பயந்து, அவள் எனக்குப் பயந்து! நல்ல கூத்து.

சடங்கன்று காலை, மண்டபத்துக்குப் போகுமுன் மச்சாள் வீட்டில் தண்ணீர் வார்க்கிற நேரம், அவளுடைய மாமியார் “சுமங்கலியள் ஆரும்...” என்று தொடங்கினார். மச்சாள் எல்லோரும் பார்க்கச் செம்பை என் கையில் தந்தாள். உறவுக்காரப் பெண்கள் இரண்டு பேர் எழுந்து, அடுப்பில் வேலை இருப்பதுபோல் குசினிக்குள் போய்விட்டார்கள். வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனாலும் பாலும் அறுகும் வைத்து, செம்பைச் சரித்தேன். “ஐயோ மாமி, சரியான குளிர்!” என்று பிள்ளை கத்த, நானும் மச்சாளும் அழுகையும் சிரிப்புமாக நின்றோம்.

குசினிக்குள் போனவர்களில் ஒருத்தி இன்னும் என்னோடு கதைப்பதில்லை. இருக்கட்டும். இப்போது எந்தச் சடங்குக்குப் போனாலும் அது எத்தனை காலத்துப் பழசு என்று நான் கேட்பதில்லை. சுவரோரம் ஒதுங்கி நிற்பது யார் என்று பார்த்து, கையைப் பிடித்து முன்னுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.