முதல் ரேங்கின் கை

ஜூன் மாதம் பிறந்தால் போதும், எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். விழுப்புரத்தில் ஒரு பள்ளியில் நான் பி.டி. டீச்சர். என்னிடம் கபடி ஆடும் பெண்களைத் தங்கள் அணிக்கு எடுக்க நினைக்கும் கல்லூரிக்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "செலக்‌ஷன்ல உங்க பொண்ணு எத்தனையாவது ரேங்க் மேடம்?" அவள் எப்படி ஆடுவாள், யார் யாரோடு ஆடியிருக்கிறாள் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. சந்தையில் கத்தரிக்காயைக்கூட அழுத்திப் பார்த்துத்தான் வாங்குகிறோம். இவர்களுக்கு நம்பர் இருந்தால் போதும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தோற்றுக்கொண்டே இருக்கும் ஒரு டீமுக்கு ரேங்க் பார்த்து ஆள் எடுத்தால் அது ஜெயிக்குமா என்று என்னைக் கேட்டால், திண்டிவனத்தில் நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்த கதையைத்தான் சொல்வேன். அந்த வருடம் எங்கள் டீம் ஜெயித்தது. என் ஆத்திரமே அதனால்தான்.

எங்கள் கல்லூரியின் பெண்கள் கபடி அணி தோற்பதற்குப் பேர் போனது. மண்டலப் போட்டிக்கு பஸ் ஏறிப் போவோம், முதல் ஆட்டத்திலேயே தோற்போம், மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்துவிடுவோம். விடுதிச் சமையல்காரம்மா அன்றைக்கு எங்களுக்கும் சேர்த்தே உலை வைத்திருப்பார். அவருக்கு எங்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை.

இரண்டாம் ஆண்டு தொடக்கத்தில் தாளாளர் எங்களை வரிசையாக நிற்க வைத்து ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். இந்த வருடமும் முதல் சுற்றில் வெளியே வந்தால் டீமே கிடையாது, விளையாட்டுக் கோட்டாவில் சேர்ந்தவர்களுக்கு இலவச விடுதியும் கிடையாது. விடுதி போனால் என் படிப்பும் போகும். விக்கிரவாண்டிப் பக்கம் என் ஊருக்குத் திரும்பிப் போய், அம்மாவோடு களைவெட்டைத் தூக்க வேண்டியதுதான். மற்றப் பெண்கள் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, வயிறு எரிந்தது.

எங்கள் பி.டி. மேடம் உடனே ஒரு வழி கண்டுபிடித்தார். மாவட்டத் தேர்வில் முன்னணி ரேங்க் வாங்கிய பெண்களை அந்த வருடம் முதலாண்டில் சேர்த்துக்கொண்டார். அந்தத் தேர்வு எனக்கும் தெரியும். பள்ளி முடிக்கும் வருடம் நானும் போயிருக்கிறேன். ஓட விடுவார்கள், தாண்ட விடுவார்கள், பிறகு ஒவ்வொருத்தியாகத் தனியே நிறுத்தி, ரெய்டு வருகிறவளைப் பிடிக்கச் சொல்வார்கள். தனியாக எவள் கபடியில் பிடிக்கிறாள்? கடைசி ஓரத்தில் நிற்கும் கார்னரும் அவளுக்கு அடுத்து நிற்பவளும் கையைக் கோத்துக்கொண்டு, ரெய்டு வருகிறவள் இடுப்பைச் சுற்றி வளைப்பதுதான் பிடி. நான் அந்த அடுத்து நிற்பவள். என் ஆட்டமே இன்னொருத்தியின் கையில் இருக்கிறது. அதற்கு மதிப்பெண் கிடையாது. ரேங்கில் நான் எங்கோ அடிமட்டத்தில் கிடந்தேன்.

புதிதாக வந்தவர்களில் முதல் ரேங்க் ஒரு கார்னர். அவளைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் ஊர்ப்பெண். என் ஊர் என்று எழுதுகிறேனே தவிர, அவள் இருப்பது ஊர், நான் இருப்பது காலனி. அவள் வீட்டு மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலைக் காட்டில்தான் என் அம்மா களை வெட்டப் போவாள். ஒரே பஞ்சாயத்து, ஒரே பஸ் நிறுத்தம். இருந்தும் அதுவரை நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மண்டலப் போட்டிக்கான பயிற்சி மார்கழியில் தொடங்கியது. ரேங்க் பெண்களை மேலிருந்து கீழாக நிறுத்திக்கொண்டு வந்த மேடம், பழைய டீமில் மிச்சமிருந்த என்னை முதல் ரேங்குக்குப் பக்கத்தில் நிறுத்தினார். "கையப் புடிங்க" என்றார்.

நான் கையை நீட்டினேன். அவள் தன் மணிக்கட்டில் மாட்டியிருந்த தடித்த துண்டுத்துணிப் பட்டையைக் காட்டினாள். "பட்டையப் புடிச்சிக்கோ" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

"ஏன், கைக்கு என்னா?"

"வேர்க்குது."

மார்கழி மாதக் காலை. புல் தரையில் பனி. வேர்க்கிறதாம்! மற்ற பெண்களோடு தண்ணீர் பாட்டிலை மாற்றி மாற்றிக் குடித்தாள், தோளில் கை போட்டுக்கொண்டு செல்பி எடுத்தாள், அங்கெல்லாம் வேர்க்கவில்லை. என்னிடம் மட்டும் வேர்த்தது.

அப்போது பொம்மையார்பாளையத்துப் பெண்கள் ஒரு டீமாக வந்து எங்களோடு பயிற்சி ஆட்டம் ஆடினார்கள். கடற்கரை மணலில் ஆடிப் பழகியவர்கள். ரேங்க் என்றால் என்னவென்றே கேட்காதவர்கள். அக்கா, தங்கை, சித்தப்பா மகள், மாமன் மகள் என்று எல்லாம் ஒரே கூட்டம். பெட்டிக்கடைக்குப் போனாலும் கையைக் கோத்துக்கொண்டுதான் போனார்கள். எங்கள் ரேங்க் பெண்கள் அவர்களைப் பார்த்து உதட்டைச் சுழித்தார்கள். ஆட்டம் தொடங்கியதும் சுழித்த உதடு நேராகிவிட்டது. ஒரு ரெய்டில் நான் வளைத்து இழுத்தேன். பட்டை மட்டும் கழன்று என் கையோடு வந்தது. முதல் ரேங்க் அங்கே நின்றாள், நான் இங்கே நின்றேன், நடுவில் ரெய்டு வந்த பெண் வீட்டு வாசலைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போனாள். தோற்றோம். பட்டையை முதல் ரேங்கின் காலடியில் விட்டெறிந்தேன்.

மேடத்திடம் போய் நேராகச் சொன்னேன். "அவ என் கையப் புடிக்க மாட்டேன்றா மேடம். நான் காலனி, அதான். நீங்களும் பாத்துக்கினுதான இருக்கீங்க?"

மேடம் விசிலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தெரியாமலா இருக்கும்? "அதெல்லாம் பெருசு பண்ணாத. அவ ஃபர்ஸ்ட் ரேங்க். நீ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அந்த விசிலைப் பிடுங்கிக் கிணற்றில் போடத் தோன்றியது. அவள் பிடிக்க மாட்டாளாம், நான் அட்ஜஸ்ட் செய்ய வேண்டுமாம்.

அன்றைக்கு அம்மாவுக்கு போன் செய்து கத்தித் தீர்த்தேன். அம்மா என்னை முழுதாகக் கத்த விட்டாள். பிறகு, "அந்தப் பொண்ணாண்ட வம்பு வச்சிக்காதடி. பேஜாரா பூடும். நாளைக்கு நான் அவங்க கொல்லைக்குத்தான் போவணும். நீ ஜெயிச்சிட்டு அங்கியே இரு, இங்க மட்டும் வராத" என்றாள். வராதே என்று பெற்றவளே சொல்வதைக் கேட்டபோது, அந்த முதல் ரேங்கை நான் முழு மனதோடு வெறுத்தேன். இன்றைக்கும் அந்த வெறுப்பில் ஒரு பிடி குறையவில்லை.

மண்டலப் போட்டி விழுப்புரத்தில். முதல் ஆட்டம். ரேங்க் பெண்கள் ரெய்டில் புள்ளி எடுத்துக்கொண்டே வந்தார்கள். எதிரணி எங்கள் இடது ஓரத்தைக் கண்டுபிடித்து, அந்த வழியாகவே வந்து எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொண்டது. கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. ஒருத்தி பட்டையை நீட்டிக்கொண்டும் ஒருத்தி முறைத்துக்கொண்டும் நிற்பது கூட்டத்துக்கே தெரிந்தது. கடைசியில் புள்ளி சமம், ரெய்டு அவர்களுடையது. ரெய்டு வருகிறவள் எங்களில் ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் நாங்கள் வெளியே. பிடித்தால் உள்ளே. மைதான ஓரத்தில் தாளாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் ரேங்க் வழக்கம்போல மணிக்கட்டை நீட்டினாள். நான் பட்டையை விட்டுவிட்டு, கையைக் கீழே இறக்கி அவள் விரல்களுக்குள் என் விரல்களை விட்டுக் கோத்து இறுக்கினேன். திடுக்கிட்டுப் பார்த்தாள். கையை உதறினாள்.

"வுடுடி."

"வுட மாட்டேன். நீ வூட்டுக்குப் போனா கொல்லைக்குச் சொந்தக்காரி. நான் போனா அதுல கூலிக்காரி. வுடவே மாட்டேன்."

அதற்குள் ரெய்டு வந்தவள் கோட்டைத் தாண்டி நேராக எங்கள் ஓரத்துக்கு வந்துவிட்டாள். உதறிக்கொண்டு நிற்க நேரமில்லை. கார்னரின் காலுக்கு அவள் எட்டினாள். நான் என் பலம் எல்லாம் சேர்த்துச் சுற்றினேன். இழுத்த இழுப்பில் முதல் ரேங்கும் சுற்றிக்கொண்டு வந்தாள். வளையம் மூடியது. மற்றவர்கள் மேலே வந்து விழுந்தார்கள். அடியில் கிடந்தபோதும் நான் அந்தக் கையை விடவில்லை. எலும்பு நொறுங்கினாலும் நொறுங்கட்டும் என்று பிடித்திருந்தேன்.

விசில் அடித்தார்கள். ஜெயித்துவிட்டோம். மேடம் மைக்கை வாங்கி, "ரேங்க் பார்த்து எடுத்தோம், பலன் கைமேல் கிடைத்தது" என்று பேசினார். தாளாளர் முதல் ரேங்குக்குச் சால்வை போர்த்தினார். டீமும் விடுதியும் தொடரும் என்று அங்கேயே அறிவித்தார். எனக்கு மூச்சு திரும்பி வந்தது.

சால்வையோடு அவள் நேராக மைதான மூலையில் இருந்த குழாய்க்குப் போனாள். பையில் இருந்து சோப்பை எடுத்தாள். எல்லோரும் பார்க்க அந்தக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். விரல் இடுக்கெல்லாம் கழுவினாள். மேடம் பார்த்தார், திரும்பிக்கொண்டார். என் உடம்பெல்லாம் கூசியது. அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. ஆனால் கால் என்னைக் குழாயடிக்கே கொண்டுபோனது.

"சோப்பக் குடு" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. கையில் இருந்ததை நானே எடுத்துக்கொண்டேன். அவளை ஓரமாகத் தள்ளிவிட்டு, குழாயைப் பெரிதாகத் திறந்து, அவள் கையைப் பிடித்திருந்த என் கையை முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினேன். அவள் கழுவியதைவிட அதிக நேரம் கழுவினேன். நுரை அவள் செருப்பில் விழுந்தது. அவள் முகம் சிவந்து, கண் கலங்கியது. எனக்குத் துளியும் இரக்கம் வரவில்லை.

சோப்பை நீட்டினேன். நான் தொட்ட சோப்பை அவள் வாங்கவில்லை. சரி என்று என் பையில் போட்டுக்கொண்டேன். நல்ல வாசனைச் சோப்பு. விடுதியில் அது கரைந்து தீரும்வரை நான்தான் அதைப் போட்டுக் குளித்தேன்.