கிளாட்வின் கண்டுபிடித்த பார்

கிளாட்வினை முதலில் அடித்தவன் எங்கள் வள்ளத்தின் சொந்தக்காரன் ஆன்டனி. இரண்டாவது அடி என்னுடையது. அதை மறைத்துவிட்டு அவனைப் பற்றி எழுதினால் எனக்கே என்னைப் பிடிக்காது.

கிளாட்வின் சங்கு குளித்துப் பிழைத்தவன். முப்பத்தாறு வயதில் ஆழத்தில் வலது காது கிழிந்தது. மூக்கில் ரத்தம் வழிய வள்ளத்துக்குள் இழுத்துப் போட்டார்கள். இனித் தண்ணீருக்குள் தலையை விட்டால் உயிருக்கு நான் பொறுப்பில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். பிறகு துறைமுகச் சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டில் பெட்டி நம்பர் எழுதும் வேலை. மனைவி ஆக்னஸ், ஆன்டனியின் கூடப்பிறந்த தங்கை. பிள்ளைகள் இல்லை. சும்மா இருக்கத் தெரியாத மனுஷன் அவன். நல்ல போன் ஒன்று கைக்கு வந்ததும் வானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்க்க ஆரம்பித்தான்.

பக்கத்தில் பழைய சர்வே வரைபடத்தையும் விரித்து வைத்துக்கொள்வான். கொற்கைப் பக்கம் வயல்களுக்கு நடுவே வளைந்து போகும் கரும்பச்சைக் கோட்டைக் காட்டி, "ஆறு முன்னால இங்கனதான் ஓடிருக்கு" என்பான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பார்ப்பான். தேரிக்காட்டில் ஒரு சுனை, உப்பளங்களுக்குப் பின்னால் கூரை இல்லாத ஒரு கட்டடம் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து நெட்டில் போட்டான். மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் முதுகில் பையைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். அவர்களை வெயிலில் நடத்திக் கூட்டிப்போவதில் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். வேலை வெட்டி இல்லாதவன் என்று நாங்கள் சிரித்தோம்.

கரையோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் வம்பில்லை. கடலைப் பார்த்தான்.

கச்சான் காற்றுக் காலத்தில் கடல் கலங்கிக் கிடக்கும், படத்தில் ஒன்றும் தெரியாது. காற்று ஓய்ந்து தண்ணீர் தெளிந்த நாட்களில் எடுத்த படங்களை மட்டும் பொறுக்கினான். வெளிறிய பச்சையில் கறுப்பாகத் திட்டுத் தெரிந்தால் அது கடல்புல்லாக இருக்கலாம், மீன் அடையும் பாறைப் பாராகவும் இருக்கலாம். ஐந்து வருடப் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பான். புல் வருடத்துக்கு வருடம் உருவம் மாறும், பார் மாறாது. இப்படித்தான் ஒன்றரை மணி நேர ஓட்டத்தில், ஐந்து பாகத் தண்ணீரில், அதாவது முப்பது அடி ஆழத்தில், ஒரு பாரைக் கண்டுபிடித்தான். சென்னையிலிருந்து வந்த இரண்டு பேர் முக்குளித்துப் பார்த்துவிட்டு, கிளிமீன் கூட்டத்தைப் படம் எடுத்து வந்தார்கள். அவன் இடத்தைக் குறித்து, படத்தோடு, 'கிளாட்வின் பார்' என்று தன் பேரையே வைத்து ஊர் உலகத்துக்கெல்லாம் காட்டினான்.

வரைபடத்தில் பேர் இல்லாத இடம் யாருக்கும் தெரியாத இடம் என்று நினைத்துவிட்டான். சங்குக்காரனுக்கு வரக்கூடிய புத்தி அது. தூண்டில்காரர்கள் எங்களுக்கு ஒவ்வொரு பாருக்கும் கணியம் உண்டு. கோயில் கோபுரமும் அனல் மின் நிலையப் புகைபோக்கியும் ஒரு நேர்கோட்டில் வரவேண்டும், இந்தப் பக்கம் கலங்கரை விளக்கு இன்ன பனையை மறைக்கவேண்டும் என்று கரையைப் பார்த்தே கடலில் இடம் பிடிப்போம். இப்போது ஜி.பி.எஸ். வந்துவிட்டது, ஆனாலும் அந்த நம்பரைக் கட்டிய மனைவிக்குக்கூடக் காட்டமாட்டோம். அப்பன் மகனிடம் சொல்வான். மகளிடம் சொல்வதில்லை, அவள் இன்னொரு வீட்டுக்குப் போகிறவள்.

ஆக்னஸிடம் சொல்லியிருந்தார்கள், அதுதான் வினை. அப்பன் சாகும்போது ஆன்டனி கடலில் இருந்தான். மனுஷன் வேறு வழியில்லாமல் தன் பாரின் கணியத்தை மகள் காதில் சொல்லிவிட்டு உயிரை விட்டார். அண்ணன் கரையேறியதும் அவள் ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்படைத்தாள். பன்னிரண்டு வருடம் அந்தப் பார்தான் எங்கள் நாலு குடும்பத்துக்குச் சோறு. கிளாட்வின் தன் பேரை வைத்தது அதே பாருக்குத்தான்.

கிளாட்வின் படம் போட்ட பத்தாம் நாள் அந்த இடத்தில் முப்பது வள்ளம் நின்றது. அப்புறம் இழுவைப் படகுகள் வந்து மடி வலையால் அடியோடு வாரின. நாங்கள் போனபோது தூண்டிலில் உடைந்த கல்தான் வந்தது. ஆன்டனி எஞ்சினை முடுக்கி வள்ளத்தைத் திருப்பினான். கரைக்கு வந்ததும் நேரே தங்கை வீட்டுக்குப் போனான். நாங்களும் பின்னால் போனோம்.

"புருசன்கிட்ட சொல்லிட்டியாளா?"

"சத்தியமா இல்லண்ணே. மாதா மேல ஆணையா நான் வாயத் திறக்கல."

அவள் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். கீழே விழுந்தவளின் கையைத் திருகினான். முழங்கைக்குக் கீழே எலும்பு ஒடிந்த சத்தம் வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. நான் உள்ளே போகவில்லை. யார்டிலிருந்து ஓடிவந்த கிளாட்வினை வாசலிலேயே மறித்தோம். ஆன்டனி அடித்தான், நான் அடித்தேன். இரண்டு பல் போயிற்று. அவன் எங்களைத் திருப்பி அடிக்கவில்லை. போனை மட்டும் நீட்டிக்கொண்டே இருந்தான்.

"மச்சான், அவ சொல்லல. இதுல பாத்தேன். மேல இருந்தே தெரியுது மச்சான்!"

"கடலுக்கடியில கெடக்க கல்லு ஆகாசத்துல இருந்து தெரியுதாம்! ஏலே பர்னபாஸ், கேட்டியா?" என்று ஆன்டனி என்னைப் பார்த்துச் சிரித்தான். "அப்ப இன்னொண்ணு காட்டுலே. நான் பாக்காதது. காட்டலன்னா இவ இனி எங்க வீட்டுப் படி ஏறக்கூடாது. அம்ம செத்தாலும் மொகம் பாக்க வரக்கூடாது."

அவர்கள் அம்மா படுத்த படுக்கை. தினமும் போய்க் குளிப்பாட்டிச் சோறு ஊட்டுவது ஆக்னஸ்தான்.

மூன்றாம் நாள் விடிந்ததும் கிளம்பினோம். கிளாட்வின் தெற்கே இரண்டரை மணி நேரம் ஓடச் சொன்னான். "இங்கன நிறுத்துங்க" என்ற இடத்தில் சுற்றிலும் வெறும் தண்ணீர். கிளாட்வினே இறங்கட்டும் என்று ஆன்டனி வேறு யாரையும் தண்ணீருக்குள் விடவில்லை. கிளாட்வின் சட்டையைக் கழற்றினான். காதை நினைத்து நான் வேண்டாம் என்றேன், அவன் அதற்குள் குதித்துவிட்டான். மேலே வந்தபோது காதிலிருந்து கழுத்து வரை ரத்தம். கையில் பாசி படிந்த பவளக்கல் ஒன்று இருந்தது. ஆன்டனி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று. தங்கை பொய் சொல்லவில்லை என்று அந்த நிமிஷம்தான் அவனுக்கு உறைத்தது.

அதைச் சொல்ல அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. தெற்கேயிருந்து இரண்டு வள்ளங்கள் எங்கள் மேலேயே ஏறி வந்தன. பேர் இல்லாத அந்தப் பாருக்கும் ஆள் இருந்திருக்கிறது. யோசித்திருக்கவேண்டியவர்கள் நாங்கள். கோபம் எங்கள் கண்ணை மறைத்துவிட்டது. பேச்சே இல்லை, துடுப்பும் கொக்கியும்தான். என் தோள்பட்டையில் ஒரு அடி விழுந்தது. மீன் இழுக்கும் கொக்கியை ஒருவன் வீசினான், அது ஆன்டனியின் வலது கண்ணில் இறங்கியது. அவன் கத்திய கத்தலில் அவர்களே ஒரு கணம் நின்றார்கள். அப்போது அவர்களில் மூத்தவன் தன் ஆட்கள் பக்கம் திரும்பி, "எவடே சொல்லிக் குடுத்தா? வீட்டுக்குப் போயிப் பாக்கேன்!" என்று உறுமினான்.

ஆஸ்பத்திரியில் கண்ணை எடுத்துவிட்டார்கள். மறுநாள் ஆக்னஸ் கட்டுப்போட்ட கையோடு வந்தாள். ஆன்டனி அவளுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொல்லலளா" என்று அழுதான்.

"அன்னைக்கே சொன்னேன்லா" என்றாள்.

கடலில் நடந்ததை நான் சொல்லச் சொல்லக் கேட்டவள், அந்த மூத்தவன் கேட்ட கேள்வி வந்ததும் எழுந்துவிட்டாள். புருஷனிடம் போய், "அங்கனயும் ஒருத்தி இருப்பா. இப்பவே போங்க. போயி அந்தப் படத்தக் காட்டுங்க" என்றாள். அவன் காதில் பஞ்சோடு எழுந்து பஸ்ஸுக்கு நடந்தான். தனியாக விட மனசு வராமல் நானும் கூடப் போனேன். அவர்கள் வள்ளத்தில் எழுதியிருந்த ஊர்ப் பேர் எனக்கு நினைவிருந்தது.

அந்த ஊரில் வீட்டை விசாரிக்கத் தேவை இருக்கவில்லை, கூட்டம் நின்றது. வாசற்படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். உதடு கிழிந்து, ஒரு கண் மூடும் அளவுக்கு முகம் வீங்கியிருந்தது. உள்ளேயிருந்து வந்த அவள் புருஷன், கடலில் பார்த்த அந்த மூத்தவன், எங்களைக் கண்டதும் பாய்ந்தான். கிளாட்வின் ஓடவில்லை, முகத்தைக்கூட மூடவில்லை. "அவங்க சொல்லல அண்ணாச்சி, நான் மேல இருந்து பாத்தேன்" என்று ஒவ்வொரு அடிக்கும் சொன்னான். மூன்றாவது அடியில் விழுந்தான், போன் படிக்கட்டில் போய் விழுந்தது.

அந்தப் பெண் அதை எடுத்தாள். விரிந்த கடலில் நகக்கண் அளவுக்குத் தெரிந்த அந்தத் திட்டை, திறந்திருந்த ஒரு கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கிளாட்வினை விட்டுவிட்டுத் தன் புருஷனைத்தான் கேட்டாள்.

"இதுக்கா?"