தின்னர் மேசையில் உட்கார்ந்தவர்கள்

ஜெர்மனியில் நான் வேலை செய்யும் ஆய்வகத்தில் போன மாதம் ஒரு குப்பி உடைந்தது. கட்டைவிரல் உயரம்கூட இருக்காது. உள்ளே இருந்தது பென்சீன். எலும்பு மஜ்ஜையின் உயிரணுக்கள் மேல் அதைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ரத்தப் புற்று எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. குப்பி விழுந்ததும் மணி அலறியது. மூன்று மாடியிலும் இருந்த எல்லோரும் கோட்டைக்கூட எடுக்காமல் ஓடிப்போய்ப் பனியில் நின்றோம். முகமூடியும் ரப்பர் உடுப்புமாக இரண்டு பேர் வந்து உள்ளே போனார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. கூட வேலை செய்யும் உல்ரிகே, நான் பயத்தில் சிரிக்கிறேன் என்று நினைத்து என் தோளில் கைபோட்டு, "பயப்படாதே, இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகாது" என்றாள். பயமில்லை, ஆத்திரம் என்று சொல்ல வாயெடுத்து, கடைசியில் "டாங்கே" என்று நன்றி மட்டும் சொன்னேன்.

என் அக்கா ஜெயராணி எட்டு வருடம் அதில்தான் கை கழுவினாள். அப்பா இறந்த பிறகு தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு திருப்பூர் நெருப்பெரிச்சலுக்கு வந்தாள். அக்கா ஒரு பனியன் கம்பெனியில் கறை மேசையில் சேர்ந்தாள். தைத்து முடித்த பனியனில் மிஷின் எண்ணெயோ மையோ பட்டிருந்தால், பெயிண்ட் கரைக்கும் தின்னரை ஸ்ப்ரே கன்னில் நிரப்பிப் பீய்ச்சி அடித்துக் கறையை எடுக்க வேண்டும். தின்னர் லேபிள் இல்லாத கேனில் வரும். ஷிப்ட் முடிந்ததும் மிச்சத்தைக் கிண்ணத்தில் ஊற்றி, மேசையில் இருந்த எல்லோரும் அதிலேயே கை கழுவுவார்கள். சோப்புப் போட்டால் பஸ் போய்விடும், தின்னர் என்றால் கையை உதறுவதற்குள் காய்ந்துவிடும். "ஏட்டி, எங் கையைப் பாரு, டீச்சர் கை மாதிரில்லா இருக்கு" என்று அக்கா என்னிடம் நீட்டிக் காட்டுவாள். பனியன் வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆட்கள் கம்பெனியைச் சோதிக்க ஆடிட்டுக்கு வரும் நாளில் மட்டும் அந்த மேசை மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விடும். அந்த ஆட்கள் வந்தது இதே ஜெர்மனியிலிருந்துதான் என்பது இங்கே வந்த பிறகு எனக்கு உறைத்தது. கடைகளில் பனியன் அடுக்கியிருக்கும் பக்கம் நான் இன்றும் போவதில்லை.

அக்காவுக்கு முதலில் ஈறில் ரத்தம் வந்தது. பல் டாக்டரிடம் போனோம். பிறகு காய்ச்சல் விடவில்லை, உடம்பெல்லாம் கன்றிப்போனது. கோயம்புத்தூரில் ரத்தப் புற்று என்று சொல்லி நாற்பது நாள்கூட ஆகவில்லை, போய்விட்டாள். இருபத்தாறு வயது. முதலாளி மாலையோடு வந்தார். நல்ல மரியாதையான மனிதர், குரலே உயராது. அம்மாவின் முன்னால் கைகட்டி நின்று, "நானும் ஆரம்பத்துல பத்து வருசம் அதே மேசைல கன் புடிச்சவனுங்க. எனக்கு ஒண்ணும் ஆகலீங்களே. உங்க வம்சத்துல ரத்தம் சரியில்லீங்க போல" என்றார். அம்மா அதை நம்பினாள். தன் ரத்தம்தான் மகளைக் கொன்றது என்று சாகும்வரை நம்பினாள். எனக்கு லேசாகக் காய்ச்சல் வந்தாலும் தானே குற்றவாளி என்பது போல என் முகத்தைப் பார்ப்பாள். அக்கா போனதைக்கூட ஒருவேளை நான் தாங்கிக்கொண்டிருப்பேன். அம்மாவை அப்படிப் பார்க்க வைத்ததை மன்னிக்கவே மாட்டேன்.

இங்கே விருந்துகளில், ஏன் இந்தத் துறைக்கு வந்தாய் என்று கேட்பார்கள். மனிதகுலம், சேவை என்று எதையாவது சொல்லிவைப்பேன். உண்மையில் நான் படித்தது ஒரே ஒரு மனிதரின் வாயை அடைக்க. ஊரிலிருந்து ஆள் வைத்து அந்தத் தின்னரில் கொஞ்சம் வரவழைத்துப் பரிசோதித்தேன். பென்சீன் இருந்தது. அந்த முடிவு வந்த நாளில் வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

போன வருடம் அம்மாவின் நினைவுநாள் ஜெபத்துக்குத் திருப்பூர் போனேன். ரத்த ஆராய்ச்சி செய்கிறவள் வந்திருக்கிறாள் என்று யாரோ சொல்ல, முதலாளியே போன் செய்து வீட்டுக்கு அழைத்தார். பாதி ஆளாக இளைத்திருந்தார். "வாங்க கண்ணு, உக்காருங்க" என்று ரிப்போர்ட்டை என் பக்கம் தள்ளினார். முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. அக்காவின் நோய்.

"எங்க வம்சத்துல ஆருக்குமே இது இல்லீங்க கண்ணு. எனக்கு எப்படி வந்துச்சு?"

அவரிடம் சொல்ல வேண்டியதை டிராமிலும் குளியலறையிலும் எத்தனையோ வருடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு வரிகூடத் தேவைப்படவில்லை. பேப்பரும் பேனாவும் கேட்டு வாங்கி அவர் முன்னால் வைத்தேன்.

"கேன்ல என்ன வந்துச்சு, எத்தன வருசம் அடிச்சீங்க, மேசைல யார் யாரு இருந்தாங்க, எல்லாத்தையும் உங்க கையால எழுதுங்க முதலாளி."

"டாக்டரு கேப்பாருங்களா?"

"கேப்பாரு."

கேட்பார்கள்தான். ஆனால் அதனால் வைத்தியம் பெரிதாக மாறிவிடாது. அதை நான் சொல்லவில்லை. அவர் நிதானமாக எழுதினார். நான்காவது பெயருக்குப் பேனா நின்றது.

"அந்தப் புள்ள பேருங்களா..."

"எழுதுங்க."

ஜெயராணி என்று எழுதினார். இன்னும் இரண்டு பெயர் எழுதிவிட்டு, "அவ்வளவுதானுங்க" என்றார்.

"இல்ல. பத்து வருசம் கன் புடிச்சவரு இன்னொருத்தர் இருக்காரு."

என்னை நிமிர்ந்து பார்த்தார். காபியோடு வந்த அவர் மனைவி கதவருகிலேயே நின்றுவிட்டார். நான் காத்திருந்தேன். கடைசியில் பட்டியலின் அடியில் தன் பெயரை எழுதினார். அந்த அம்மா அழத் தொடங்கினார். நான் டம்ளரை வாங்கிக் காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

இப்போது திருப்பூரில் எனக்கு வீடில்லை, உறவென்று யாருமில்லை. தோழிகள் கல்யாணமாகித் திசைக்கொன்றாகப் போய்விட்டார்கள். அங்கிருந்து எனக்கு வரும் ஒரே போன் அவருடையது. ஞாயிறுதோறும் காலையில் கூப்பிட்டு, "பிளேட்லெட் எறங்கிப் போச்சுங்க கண்ணு" என்று எண்களை வாசிப்பார். டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்வேன். அவர் படுவதைக் கேட்கத்தான் எடுக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். வாரம் முழுக்க ஜெர்மன் பேசும் வாயில் தமிழ் வருவதும் அந்தப் பத்து நிமிடம்தான்.

போன ஞாயிறு போன் வரவில்லை. மதியம்வரை பார்த்தேன். நான் இத்தனை வருடம் காத்திருந்த செய்தியாகத்தான் இருக்கும். சமைக்கப் போனேன், பாதியில் அடுப்பை அணைத்தேன். பிறகு, முதல் முறையாக, நானே அவரைக் கூப்பிட்டேன். நெருப்பெரிச்சலில் ரிங் போய்க்கொண்டே இருந்தது. எடுங்க முதலாளி, எடுங்க என்று நான் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.