சுங்குவார்சத்திரத்தில் சித்தியான காலை

அன்று எழுந்ததும் முதலில் செய்த வேலை, தாளில் இருந்த இருபத்திரண்டு கேள்விகளில் நான்கை மட்டும் விட்டு மற்றவற்றை அடித்தது. காபிகூடப் பிறகுதான். இரவு ஷிஃப்ட் முடித்துக் கண் எரிய கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்குபவரிடம் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் வேறென்ன கேட்டுவிட முடியும்?

காஞ்சிபுரம் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் நடத்துகிறேன். அடுத்த ஆண்டு எங்கள் படிப்புக்கு அங்கீகாரம் புதுப்பிக்க வேண்டும். படித்து முடித்தவர்களுக்கு என்னென்ன செய்யத் தெரிந்திருக்கும், எப்படிப்பட்ட வேலையில் இருப்பார்கள் என்று முன்பே எழுதி வைத்திருக்கிறோம். அது நடந்ததா என்று சான்றோடு காட்ட வேண்டும். வழக்கமாக முன்னாள் மாணவர்களுக்கு ஓர் இணையப் படிவம் போகும். எல்லாரும் எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டுவிடுவார்கள். மரியாதைக்குப் போட்ட மதிப்பெண்ணை வைத்துப் பாடத்தில் ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாது. அதனால் இந்த முறை நேரில் போய்க் கேட்பது, பிறகு அவர்களுடைய நிறுவனங்களுக்குத் துறையிலிருந்து பெயர் குறிப்பிட்டுக் கடிதம் அனுப்பி, 'இவர் எப்படி வேலை செய்கிறார்' என்று கேட்பது என்று திட்டம் போட்டோம். கச்சிதமான திட்டம் என்றுதான் நினைத்தேன்.

ஐந்தேகாலுக்குக் காஞ்சிபுரத்தில் பேருந்து. சுங்குவார்சத்திரம் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் முப்பது ரூபாய். வழியெல்லாம் கம்பெனி பஸ்கள் முந்திக்கொண்டு போயின. ஜன்னல்களில் சாய்ந்து தூங்கும் தலைகள்தான் தெரிந்தன.

இறங்கியதும் ஓர் ஆட்டோக்காரர் வந்தார்.

"இன்னாக்கா, வேலைக்கா? ஏஜென்சி ஆபீஸ் அந்தாண்ட கீது. ஆனா உன்ன எடுக்க மாட்டான்க்கா. இருவத்தஞ்சு தாண்டினாலே வாணான்றான்."

"தெரிஞ்ச பொண்ணப் பார்க்க வந்தேம்பா."

"அப்ப டீக்கடையாண்ட நில்லு. பஸ்ஸு அங்கதான் நிக்கும்."

நின்றேன். சுகன்யா இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் முடித்தவள். பெயரை மாற்றியிருக்கிறேன், ஆலையின் பெயரையும் சொல்லப்போவதில்லை. "பஸ்ஸ விட்டு எறங்கினதும் நானே வரேன் மேம், நீங்க கூப்பிடாதீங்க" என்று ஃபோனில் சொல்லியிருந்தாள். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டது என் தவறு. ஆறரைக்கு பஸ் வந்தது. சீருடையில் இறங்கிய கூட்டத்தில் அவள் முகம் தெரிந்ததும், "சுகன்யா! நம்ம டிபார்ட்மெண்ட்ல..." என்று குரல் கொடுத்துவிட்டேன்.

அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "சித்தி! இன்னா சித்தி, இவ்ளோ காலைல? வூட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

கூட வந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏய், சித்தின்னு சொல்றே, டீச்சர் கணக்கா கீறாங்க?"

"அவங்க யாரப் பாத்தாலும் அப்டித்தான் மொறைப்பாங்க. நீ ரூமுக்குப் போடி, வந்துர்றேன்."

"சாப்டியாம்மா?" என்றேன். சித்திகள் அதைத்தானே கேட்பார்கள்.

கடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்ததும் அவள் குரல் தணிந்தது.

"ஸாரி மேம். இங்க நான் வெறும் பிளஸ் டூ. டிகிரின்னா எடுக்க மாட்டாங்க, வேற வேலை கெடச்சா ஓடிடுவன்னு. பிளஸ் டூ மார்க் ஷீட் மட்டும்தான் குடுத்தேன். இப்ப லைன் லீடர் போஸ்ட்டுக்கு என் பேரு போயிருக்கு. மறைச்சது தெரிஞ்சா வேலையே போயிடும். காலேஜ்லேர்ந்து லெட்டர் கிட்டர் அனுப்பிடாதீங்க."

அனுப்ப மாட்டேன் என்று உடனே சொல்ல வாய் வரவில்லை. கடிதம் என் கையில் மட்டும் இல்லை. முதல் கேள்விக்குப் போனேன். படித்ததில் எது உதவியது?

"டெஸ்ட் மெஷின் ஒண்ணு நல்ல சர்க்யூட் போர்டையெல்லாம் ஃபெயில்னு தள்ளிகினே இருந்துது. எல்லாரும் போர்டத்தான் திட்டிகினு இருந்தாங்க. நீங்க லேப்ல சொல்வீங்களே, அளக்கறதையே மொதல்ல சந்தேகப்படுன்னு? ஏற்கெனவே பாஸான போர்டு ஒண்ண வெச்சுப் பாத்தேன். அதையும் ஃபெயில்னுச்சு. அப்புறம் பாத்தா, மெஷின்ல போர்டத் தொடற பின்னு தேஞ்சிருந்துது. அத மாத்தினாங்க, சரியாயிடுச்சு."

"சூப்பர்வைசர் என்ன சொன்னார்?"

"எங்க கத்துகினேன்னு கேட்டாரு. யூடியூப்லன்னுட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. இத்தனை ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த சான்று அது. அதைப் பெயரோடு எங்கும் எழுத முடியாது.

அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் போய், பேருந்து மாறி ஒரகடம் போனேன். இரண்டும் சேர்த்து ஒரு மணி நேரம், நாற்பது ரூபாய். லாரி உதிரிபாக ஆலையில் பட்டத்தை மறைக்காமல் வேலை பார்க்கும் இன்னொரு முன்னாள் மாணவன் பிரபுவைப் பார்த்தேன். பட்டத்தை மறைத்து வேலைக்குப் போனவர்கள் உண்டா என்று, சுகன்யாவின் பெயரைச் சொல்லாமல் அவனிடம் பொதுவாகக் கேட்டேன். "நம்ம பேட்ச்ல பாதி பேர் பிளஸ் டூதான் மேம்" என்றான், வெகு சாதாரணமாக.

இதே வேலையாகப் போகும் ஆசிரியர்களுக்குச் சில வார்த்தைகள். கல்லூரி அடையாள அட்டையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஆலை நிர்வாகத்தின் வழியாகப் போகாதீர்கள். மற்றவர் முன்னால் என்ன பேசலாம் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இரவு ஷிஃப்ட் முடித்தவரைக் கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள். டீக்கு நீங்கள் காசு கொடுக்கப் பார்ப்பீர்கள், அவர்கள் விட மாட்டார்கள். விட்டுக்கொடுங்கள்.

திரும்பும் பேருந்தில் துறைத் தலைவரிடமிருந்து செய்தி வந்தது: 'எத்தனை கம்பெனி பெயர் கிடைத்தது? திங்களன்று கடிதங்கள் போக வேண்டும்.' பதில் இன்னும் அனுப்பவில்லை.

பெயர் எதுவும் கொடுக்கப்போவதில்லை. அங்கீகார அறிக்கையில், குறையைக் கண்டுபிடிக்கும் திறன் என்ற இலக்குக்கு எதிரே 'எட்டியது' என்று எழுதி, அந்த போர்டின் கதையைப் பெயரில்லாமல் சேர்ப்பேன். படிப்புக்கேற்ற வேலை என்பதற்கு எதிரே 'எட்டவில்லை' என்று எழுதி, ஏன் என்பதையும் எழுதுவேன். அங்கீகாரம் சிக்கலாகலாம். அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும், சொல்லிக்கொள்கிறேன். வீட்டிலோ துறையிலோ இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சுகன்யாவிடம்கூட.