மானுக்கு விதைத்த மூலைக்காணி

2025 ஏப்ரல் 26, சனிக்கிழமை. ஆறரைக்கு எழும்பினேன். தேநீர், ஒரு துண்டு கறுப்புப் பாண், இரத்த அழுத்தக் குளிசை. பிறகு வெற்றுப் போத்தல்களைக் கடையில் கொண்டுபோய்ப் போட்டேன், பழைய கடதாசிகளை அதற்குரிய தொட்டியில் போட்டேன், காரைக் கழுவினேன். சனிக்கிழமைகளில் இந்த வரிசை மாறுவதில்லை. ஒருமுறை காரை முதலில் கழுவிவிட்டேன் என்பதற்காக மனைவி என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.

பத்து மணியளவில் ரண்டர்ஸ் நகருக்கு வெளியே இருக்கும் கமக்காரர் கடைக்குப் போனேன். பூச்சாடிகளுக்கு மண் வாங்க வேண்டியிருந்தது. மண் மூட்டைகளுக்குப் போகும் வழியில் விதைப் பைகள் அடுக்கியிருந்தார்கள். ஒரு பை சரிந்து கிடந்தது. நிமிர்த்தி வைத்தேன். அதன் பக்கத்துப் பை பின்புறம் காட்டி நின்றது. அதையும் திருப்பினேன். இப்படி ஒரு வரிசை முழுவதையும் நான் ஒழுங்கு செய்து முடித்தபோது, ஓர் இளம் தம்பதி என்னிடம் வந்து, மானுக்கு விதைப்பதற்கு இவற்றில் எது நல்லது என்று டேனிஷில் கேட்டார்கள். கடைக்காரன் என்று நினைத்துவிட்டார்கள். பிழை அவர்களுடையதல்ல.

நான் இங்கே வேலை செய்யவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் வாயிலிருந்து வேறொன்று வந்தது: "உங்களுக்கு எந்த மாதத்தில் மான் வரவேண்டும்?"

அது என்னுடைய கேள்வி அல்ல. குணம் அண்ணையினுடையது. அதைக் கேட்டதும் அந்த இடத்து வாசனை, விதைத் தூசியும் சாக்கும் கலந்த அந்த உலர்ந்த வாசனை, என்னை இருபத்தைந்து ஆண்டுகள் பின்னால் கொண்டுபோய் ஒரு குசினி மேசையில் இருத்தியது.

அப்போது நான் தனிக்கட்டை. குணம் அண்ணையும் நானும் ஒரே இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. பஸ் திரும்பும் கடைசி ஊரில் அவர் வாடகைக்கு எடுத்திருந்த பழைய வீட்டின் மேல்மாடி அறையில் நான் இருந்தேன். கீழே அவரும் தேவி அக்காவும். அவர்களுடைய ஒரே மகன் கோப்பன்ஹேகனில் படித்துக்கொண்டிருந்தான். வீட்டுக்குப் பின்னால் வயல், வயலுக்கு அப்பால் ஊசியிலைக் காடு. குசினி யன்னலில் நின்றால் காட்டின் ஓரம் தெரியும்.

அந்த ஆண்டு மாசி மாதத்தில் தேவி அக்காவுக்குப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். அடுத்த கோடையைப் பற்றி இப்போது கதைக்க வேண்டாம் என்று டொக்டர் சொன்னார். அந்த வசனத்தை அவர்கள் இருவருக்கும் மொழிபெயர்த்தது நான்தான். அதைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை.

செய்தி பரவியதும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். உங்களுக்குத் தெரியும்தானே நம் ஆட்களை. ஹோர்லிக்ஸ் போத்தல், திராட்சைப்பழம், பப்பாசி இலைச் சாறு குடித்துச் சுகப்பட்ட யாரோ ஒருவருடைய கதை. தேவி அக்கா நல்ல வாய்க்காரி. ஆனால் சித்திரைக்குப் பிறகு வந்தவர்களோடு கதைப்பதை நிறுத்திவிட்டார்.

"அவையள் என்னைப் பாக்க வரேல்லைத் தம்பி. எப்பிடிச் சாகப்போறன் எண்டு பாக்க வருகினம்," என்றார் என்னிடம்.

மானோடு மட்டும் பழையபடி கதைத்தார். காலையில் காட்டோரத்திலிருந்து இரண்டு மூன்று மான்கள் வயலுக்குள் இறங்கும். யன்னலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு, "வாங்கோ, வாங்கோ. என்ன இண்டைக்குப் பிந்திப்போனியள்?" என்பார். குணம் அண்ணை வேலைக்குப் போகும் அவசரத்திலும் கதவடியில் நின்று அதைக் கேட்டுவிட்டுத்தான் போவார். வீட்டில் அந்தப் பழைய குரல் கேட்டது அப்போது மட்டுந்தான்.

வயல் ஹென்னிங் என்ற கமக்காரருடையது. வேட்டைக்காரரும்கூட. வயலின் ஒரு முக்கோண மூலையில் உழவு இயந்திரம் திரும்ப முடியாது. அதை மானுக்கென்று விட்டிருந்தார். இங்கே அது வழக்கம். மானுக்கு விருப்பமானதை ஒரு துண்டில் விதைப்பார்கள். மான் வந்து மேயும், பழகும், பிறகு ஒரு நாள் சுடுவார்கள். குணம் அண்ணை அவரிடம் போய், அந்த மூலையைத் தான் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டார். அவர் சம்மதித்ததும், என்ன விதைப்பது என்று ஒருவரிடமும் கேட்காமலேயே தமிழ்க் கடையில் வாங்கிய பயறைக் கொண்டுபோய் விதைத்தார். வன்னியில் பயற்றங்காணிக்கு மான் இறங்குமாம். பயறு முளைத்தது, நாலு இலை விட்டது, வைகாசிக் குளிரில் ஒரே இரவில் சுருண்டு போனது.

அதன் பிறகுதான் ஹென்னிங் விதைப் பட்டியலோடு எங்கள் குசினிக்கு வந்தார். நான் மொழிபெயர்ப்பாளன். ஹென்னிங்குக்குக் குளோவர், சிக்கோரி என்ற மேய்ச்சல் பூண்டுகள் வேண்டும். வசந்தத்தில் தளதளவென்று வரும், கிடா மான்கள் தேடி வரும், வைகாசி நடுவில் வேட்டை தொடங்கும்போது சரியாக இருக்கும் என்றார்.

குணம் அண்ணை பட்டியலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மார்கழியில என்ன நிக்கும் எண்டு கேள்."

கேட்டேன். ஹென்னிங் விளங்காமல் என்னைப் பார்த்தார். மார்கழியில் எதற்கு?

"எனக்கு மான் வைகாசியில வேண்டாம். மார்கழி, தை. அந்த மாதங்களில வரவேணும்."

ஹென்னிங் யன்னலடிக் கதிரையைப் பார்த்தார். போர்வைக்குள் இருந்த தேவி அக்காவைப் பார்த்தார். கோப்பியை ஒருமுறை கலக்கினார். அதன் பிறகு அவர் வேட்டையைப் பற்றிக் கதைக்கவில்லை. பனியில் எது சாகும், எது நிற்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பக்வீட் முதல் பனியிலேயே போய்விடும். முள்ளங்கி வகை சற்றுத் தாங்கும், கடும் குளிரில் அழுகும். மாட்டுக்குப் போடுகிற, முட்டைக்கோஸ் இனத்து உயரமான கோவா இருக்கிறது. ஆனியில் விதைத்தால் இடுப்பளவு வளர்ந்து, பனிக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு தை வரைக்கும் நிற்கும். ஆனால் குளோவரை விட மனமில்லை, பாதிக்குப் பாதி போடுவோமா என்றார். குணம் அண்ணை முழுக்கக் கோவா என்றார். இருவரும் என் மூலமாக இழுபட்டார்கள்.

"மானுக்கு இருக்கிறது ஒரு வாய்," என்றார் தேவி அக்கா கதிரையிலிருந்து. "அதுக்கு ஏன் ரெண்டு ஆம்பிளையள் அடிபடுறியள்? ரெண்டையும் போட்டிட்டுப் பேசாமல் இருங்கோ."

ரெண்டையும் போட்டார்கள். அந்த மூலையில் அந்தக் குளிர்காலம் முழுக்கச் சுடமாட்டேன் என்று ஹென்னிங் தானாகவே சொல்லிவிட்டுப் போனார்.

இனி வருவது யாழ்ப்பாணத்தான் ஒருவனால் மட்டுமே செய்யக்கூடிய காரியம். விதைத்த கையோடு குணம் அண்ணை அந்த முக்கோணத்தைச் சுற்றி வேலி அடைத்தார். உடைந்த பலகை, நீல நைலோன் கயிறு, தொழிற்சாலையில் எறிந்த வலைத்துண்டு. தென்னங்கிடுகு கிடைத்திருந்தால் அதையும் கட்டியிருப்பார். ஒரு படலைகூட வைத்தார், கொளுக்கியோடு. நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கயிறு நேராக இருக்கிறதா என்று பார்த்ததைத் தவிர வேறொன்றும் யோசிக்கவில்லை. காணி என்றால் வேலி. எங்கள் இருவர் தலையிலும் அதற்கு மேல் எதுவும் ஓடவில்லை.

ஹென்னிங் வந்து பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"குணம், மான் வந்து மணி அடிக்க வேணுமா?"

"முளைக்குமட்டும்தான்," என்றார் குணம் அண்ணை. "புறாவும் முயலும் நுள்ளிப்போடும்."

அது நியாயமாகத்தான் பட்டது. முளைத்தது. "கொஞ்சம் வேர் பிடிக்கட்டும்" என்றார். வேர் பிடித்தது. "இப்ப திறந்துவிட்டா மான் ஆவணியிலேயே முடிச்சுப்போடும். மார்கழிக்கு என்ன இருக்கும்?" ஹென்னிங் அறுவடையில் முழுகிப்போய் அந்தப் பக்கம் வரவில்லை. ஐப்பசி முடிவில், கோவா என் இடுப்புக்கு மேலே கருநீலப் பச்சையில் நின்றபோது, வேலியை அவிழ்த்தோம். பலகைகளை நீளப்படி அடுக்கினேன்.

மான் வரவில்லை.

கார்த்திகையிலும் வரவில்லை. ஹென்னிங் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். மான் பழகிய வழியில் போகும் பிராணி, கோடை முழுக்க இந்தப் பக்கம் மறிபட்டதால் காட்டைச் சுற்றி மறுபக்கத்துக்குப் போய்விட்டது, அங்கே பக்கத்து வயலில் ராப்ஸ் என்ற எண்ணெய்ப் பயிர் முளைத்து நிற்கிறது, இனி வசந்தம்வரைக்கும் அதற்கு அங்கே குறையில்லை என்றார். நான் இதை மொழிபெயர்த்தபோது குணம் அண்ணை "ஓம்" என்று மட்டும் சொன்னார். அடுத்த நாளிலிருந்து வேலை முடிந்து வந்து, கோவா இலையை முறித்துக்கொண்டுபோய்க் காட்டோரம் நெடுகப் போட்டு வந்தார். இலைகள் போட்ட இடத்திலேயே கறுத்துக் கிடந்தன.

தேவி அக்காவுக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. கட்டிலை யன்னலடிக்கு இழுத்துவிட்டிருந்தோம். நான் படியிறங்கும் சத்தம் கேட்டால் கேட்பார்.

"தம்பி, மேல இருந்து தெரியுதோ? நிக்குதுகளோ?"

"மூண்டு நிக்குது அக்கா."

"காலமை இவர் ரெண்டு எண்டவர். அதுக்குள்ள குட்டி போட்டிட்டுதோ?"

நான் சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டேன். குணம் அண்ணை கேத்திலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தங்களுக்குள்ள கதைச்சுப்பேசிப் பொய் சொல்லவும் தெரியாததுகள்," என்றார் தேவி அக்கா. பிறகு, "அவ்வளவு கோவாவும் அப்பிடியே நிக்குதோ?" என்று கேட்டார்.

"நிக்குது," என்றார் குணம் அண்ணை.

"மான் தின்னாட்டி நாங்கள் தின்னுவம். போய் இளம் இலையாப் பாத்து முறிச்சுக்கொண்டு வாங்கோ. வறை வறுப்பம்."

அக்கா ஒழுங்காகச் சாப்பிட்டு மாதக்கணக்காகியிருந்தது. குணம் அண்ணை கத்தியை எடுத்துக்கொண்டு சப்பாத்துக்கூடச் சரியாகப் போடாமல் பனிக்குள் ஓடினார். நான் இலையை அரிந்தேன். எல்லாத் துண்டும் ஒரே அளவாக வரவேண்டும் என்று நான் மினக்கெட, "தம்பி, கலியாண வீட்டுக்கோ அரியிறாய்?" என்று அக்கா அதட்டினார். வெங்காயம், பச்சை மிளகாய், உலர்ந்த தேங்காய்ப்பூ. மாட்டுக் கோவா வதங்கும்போது வீடு முழுக்க ஒரு கனத்த பச்சை வாசனை. பனி பட்ட கோவாவில் இனிப்பு ஏறும் என்று அன்றுதான் அறிந்தேன். தேவி அக்கா சோற்றோடு குழைத்துச் சாப்பிட்டார், இன்னும் கொஞ்சம் கேட்டார்.

"மானுக்கு வாய்க்கேல்லை," என்றார்.

குணம் அண்ணை தாச்சியைக் கழுவினார். கழுவிய தாச்சியைத் திரும்பவும் கழுவினார்.

தை மாதத்தில் தேவி அக்கா போனார். செத்தவீடு முடிந்த கிழமை மான்கள் வந்து கோவா தின்றன என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இரண்டொரு குளம்புத் தடம் கண்டதாக ஹென்னிங் சொன்னார். நான் போய்ப் பார்த்தேன், எனக்குத் தெரியவில்லை. சித்திரையில் கோவா மஞ்சள் பூப்பூத்தது. ஹென்னிங் உழுதுவிட்டார்.

கடைக்கு வந்த தம்பதியிடம் கோவா வாங்கச் சொன்னேன், ஆனியில் போடச் சொன்னேன். நன்றி சொல்லிவிட்டுப் பூ விதைப் பை ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்கள். மண் மூட்டைகளைக் காரில் ஏற்றியபின் வீட்டுக்குத் திரும்பாமல் அந்த ஊருக்கு ஓட்டினேன். கடைசித் தரிப்புக்கு இப்போது பஸ் வருவதில்லை. வீட்டை இடித்துவிட்டார்கள். அத்திவாரத்தின் மேல் சரளைக்கல் பரவியிருக்கிறது. ஹென்னிங் இறந்து பல காலம், பிள்ளைகள் நிலத்தைக் கொடுத்துவிட்டார்கள். வயல் முழுக்கச் சூரிய மின்தகடுகள், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, ஒரே இடைவெளியில். என்னைப் போன்றவனுக்குப் பிடித்திருக்க வேண்டிய ஒழுங்கு. மூலை என்று ஒன்று இல்லை. காட்டையும் வெட்டிவிட்டார்கள். குசினி யன்னல் எந்த இடத்தில் இருந்திருக்கும் என்று சரளைக்கல்லின் மேல் நடந்து பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

குணம் அண்ணை இப்போது கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் ஹ்விடோவ்ரேயில், மகன் வீட்டில். நாங்கள் கதைத்து இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கும்.

மறுநாள் எழும்பியதும், தேநீர்கூட வைக்காமல், அவருக்கு ஃபோன் எடுத்தேன். உடனே எடுத்தார்.

"ஆர் செத்தது?"

"ஒருத்தரும் இல்லை அண்ணை."

"அப்ப ஏன் இந்த நேரத்தில?"

"சும்மா."

அந்தப் பக்கம் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

"அப்ப சரி," என்றார். "கதை."