இரத்த உறவா என்று கேட்டார்கள்

"பிள்ளையின் தகப்பன் உங்களுக்கு இரத்த உறவா?" என்று கர்ப்பிணிகளைப் பார்க்கும் மிட்வைஃப் கேட்டபோது, இல்லை என்றேன். பக்கத்தில் இருந்த அத்தான் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என் அம்மாவின் சொந்தத் தமையனின் மகன்.

நான் பொய் சொல்லிப் பழகியவள் அல்ல. இந்த நாட்டுக்கு வந்து பாடசாலைச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மச்சானைத்தான் கட்டினேன் என்று ஒரு வெள்ளைக்காரியிடம் வாய் விட்டுவிட்டேன். அகப்பையைப் பிடித்தபடி அவள் முகத்தைச் சுளித்த விதம் இருக்கிறதே! அன்றிலிருந்து யார் கேட்டாலும் "தெரிந்த குடும்பம்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். மிட்வைஃபிடம் சொன்னதும் அந்தப் பழக்கத்தில்தான்.

வெளியே வந்ததும் அத்தான், "நல்ல காலம், இல்லையெண்டு சொன்னனீர். பிறகு ஆயிரம் கேள்வி கேப்பினம்" என்றார்.

கர்ப்பம் என்று தெரியுமுன் எங்கள் குடும்ப டொக்டர், ஜி.பி., எடுத்த இரத்தத்திலேயே எனக்குக் கொலஸ்ட்ரோல் கூடியிருந்தது. ஆறாம் மாதம் ஆஸ்பத்திரியில் மறுபடி எடுத்தார்கள். இன்னும் ஏறியிருந்தது. டொக்டர் இளம்பெண். வயிற்றில் பிள்ளை வளர வளர எல்லாத் தாய்மாருக்கும் இரத்தக் கொழுப்பு ஏறும், பிள்ளைக்கும் அது தேவை, பிறந்த பின் இறங்கிவிடும் என்றாள். எனக்கு மூச்சு வந்தது. பிறகு அவள் பேனையை எடுத்து, "ஆனால் இது வழமையை விட அதிகம். குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு?" என்றாள்.

மாமா, அம்மாவின் தமையன், நாற்பத்தொரு வயதில், என்றேன். எழுதினாள்.

"கணவர் பக்கத்தில்?"

அந்த மாமாதான் அத்தானின் அப்பா. பெற்றோல் ஷெட்டில் ஷிப்டுக்குப் போனவர், கல்லாவுக்குப் பின்னால் விழுந்து கிடந்தார். அத்தான் என்னைப் பார்த்தார். செத்த ஒரு மனிதனை இரண்டு பக்கமும் சொல்ல முடியாதே. இல்லை என்று தலையாட்டினார். பெற்ற தகப்பனை ஒரு தலையாட்டலில் இல்லாமல் ஆக்கிய அந்த மனிதர்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியதே நான்தான் என்பது வசதியாக மறந்துபோயிற்று.

அன்று பின்னேரம் மனோர் பார்க் வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் போன் எடுத்தேன். "அண்ணை ஷிப்ட் அடிச்சு அடிச்சே போனவர். கொலஸ்ட்ரோலாம், விசர்க்கதை. ரெண்டு பக்கமும் எங்கட இரத்தம் பிள்ளை, பயப்பிடாத" என்றா. எத்தனையோ தரம் பெருமையாகக் கேட்ட வார்த்தை அது. அன்றைக்கு, வேலை இருக்கு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மகள் சுகமாகப் பிறந்தாள். என் இரத்தத்தைத் திரும்பச் சோதிக்க வரச்சொல்லி இரண்டு கடிதம் வந்தன. கவுன்சில் கடிதங்களோடு சேர்த்து மேசை லாச்சிக்குள் போட்டேன். இறங்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், இறங்காமல் இருந்தால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும்.

மகளுக்கு மூன்று வயதில், குளிக்க வார்க்கும்போது, விரல் இடுக்குகளில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. மத்தியானம் பருப்பைப் பிசைந்து விளையாடியவள், மஞ்சள்தூள் என்று நினைத்துச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். "அம்மா, நோகுது" என்று கையை இழுத்துக்கொண்டாள். முழங்காலுக்குப் பின்னாலும் அதே மஞ்சள், சின்னத் தடிப்பாக.

ஜி.பி. பார்த்த கையோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மகளின் கையிலிருந்து இரத்தம் எடுத்தார்கள். ஒரு கிழமையில் எங்கள் மூவரையும் கூப்பிட்டார்கள். இந்த டொக்டர் வயதானவர். அவர் உறவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் இருவரையும் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். என் குதிகாலுக்கு மேல் நரம்பை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். பிறகு அத்தானுடையதை. இரண்டும் கயிறு போலத் தடித்திருந்தன. எங்கள் குடும்பத்துக் கால் என்று வீட்டில் பகிடி பண்ணுவோம். மாமாவுக்கும் அப்படித்தான்.

இந்த மஞ்சளும் தடிப்பும் படிந்த கொழுப்புத்தான், கொழுப்பைக் கூட்டும் பழுதான ஜீன் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று, இரண்டும் பிள்ளைக்கு வந்திருக்கிறது என்றார் டொக்டர். இவளுடைய இதயத்துக்கு நாற்பது வயதுவரை காத்திருக்கத் தேவையில்லை, பள்ளி வயதிலேயே இரத்தக் குழாய் அடைக்கத் தொடங்கலாம், உடனே மருந்து தொடங்கவேண்டும் என்றார். என் பழைய பைலைப் புரட்டினார்.

அத்தான் குனிந்தபடி, "என்ர அப்பாவும் நாற்பத்தொரு வயதில ஹார்ட் அட்டாக்கில செத்தவர்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

டொக்டர் பைலில் விரலை வைத்து என்னைப் பார்த்தார். "உங்கள் மாமாவும் நாற்பத்தொன்றில் என்று இருக்கிறதே?"

மகள் என் மடியில் இருந்து, தன் சின்னக் காலை எங்கள் கால்களுக்கு நடுவே நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டும் ஒரே ஆள்தான்" என்றேன்.