ஜெல் எதிலிருந்து வருகிறது

மரக்காணத்தில் ஒரு பல் கிளினிக்குக்கு வாரம் ஒருமுறை போய் ஈறு வைத்தியம் மட்டும் பார்த்துவந்தேன். பல்லைப் பிடுங்காமல், ஈறைச் சின்னதாகக் கீறி, வேரைச் சுற்றிக் கரைந்துபோன எலும்பைத் திரும்ப வளரவைக்கும் வேலை. அந்த வேலையில் கெட்ட பெயர் எப்படி வாங்குவது என்று இளைய டாக்டர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

1. சலீம் பாயின் முன்பல்

சலீம் பாய் வளைகுடாவில் பல வருஷம் உழைத்துவிட்டு வந்து கூனிமேட்டில் ஹார்டுவேர் கடை போட்டவர். மேல் முன்பல் இரண்டும் ஆடின. எக்ஸ்ரேயில் பாதி எலும்பைக் காணோம்.

"பொண்ணு நிக்காஹ் வருது டாக்டரம்மா. பொக்கை வாயோட சபையில நிக்க முடியுமா?" என்றார்.

வேரில் ஒரு ஜெல் தடவினால் எலும்பு வளர வாய்ப்பிருக்கிறது என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால் எல்லோருக்கும் நல்லவளாக இருந்திருப்பேன். அந்த ஜெல் பன்றிக்குட்டியின் முளைக்கும் பல்லிலிருந்து எடுப்பது. அதையும் சொன்னேன்.

"வேணாம்னா உங்க ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, மெஷின்ல சுத்தி, அத வச்சும் பண்ணலாம் பாய். இங்க மெஷின் இல்ல, கேட்டுப் பாக்கறேன்."

பாய் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நல்லவேளை சொன்னீங்க" என்றவர் அப்புறம் வரவில்லை.

கிளினிக் முதலாளியான சீனியர் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, அவரா கேட்டாரு? நீயா எதுக்குச் சொல்ற? நாளைக்கு உப்பளத்து மேஸ்திரிக்கு வைக்கிற எலும்புத் தூளு மாட்டோடதுன்னு சொல்லி அவரையும் தொரத்திடுவ." மெஷின் பேச்சை எடுக்கவே விடவில்லை.

2. ஃபாரின் மருந்து

மறு வருஷம் பாய் தன் மனைவி மும்தாஜோடு வந்தார். பல் தெரியச் சிரித்தார். முன்பல் இரண்டும் அசையவில்லை.

"பாண்டிச்சேரியில ஒரு டாக்டர் பண்ணாரு. கேட்டேன். ஃபாரின் மருந்து, உங்களுக்கு ஆகாதது எதுவும் கிடையாதுன்னாரு. அவரு இப்ப வெளியூரு போயிட்டாரு. இவளுக்கும் பல்லு ஆடுது, அதையே நீங்க போட்டு விடுங்க." மருந்து டப்பாவை எடுத்துவைத்திருந்த போட்டோவைப் போனில் காட்டினார்.

அதே ஜெல்தான். பேசாமல் இருந்துவிட எனக்கு ஆசையாக இருந்தது, ஏனென்றால் மனிதர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். ஆனால் மும்தாஜ் வாயைத் திறந்துகொண்டு சேரில் சாய்ந்திருந்தார். சொன்னேன்.

மும்தாஜ் முக்காட்டை இழுத்துக்கொண்டு இறங்கினார். பாய் நாக்கால் முன்பல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"அந்த டாக்டராவது என் பல்ல நிக்க வச்சாரு. நீங்க என் நிம்மதிய எடுத்துட்டீங்க."

"அவரு உங்ககிட்ட பொய் சொல்லியிருக்காரு பாய்."

"நீங்களும் சொல்லியிருக்கலாமே" என்றார்.

வாசலில் மும்தாஜ் மட்டும் திரும்பி, "அந்த ரத்தத்துல பண்றது எங்க இருக்குதுங்க?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பாய் அவரை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

இளையவர்களே, நோயாளியின் வாயில் எதை வைக்கப்போகிறீர்களோ, அதை வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். இன்னொருவர் மறைத்ததை வருஷம் கழித்துச் சொல்ல நேர்வதைப்போல் கேவலமான வேலை இந்தத் தொழிலில் இல்லை. நன்றியை எதிர்பார்க்காதீர்கள். பொய் சொன்ன அந்த டாக்டருக்குக் கூனிமேட்டில் இன்றும் நல்ல பெயர்தான். பல் நிற்கிறதல்லவா?